காதுக்குள் வைக்கும் ஹான்ஸ்பிறீயையும் இயர்பட்ஸையும் பழுதாக்காமல் துப்புரவு செய்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் கைத்தொலைபேசி திருத்தும் கடைக்கு, "ஒரு பக்கம் சத்தம் குறைவாகக் கேட்கிறது" என்று சொல்லிக் கொண்டுவரப்படும் வயருள்ள ஹான்ஸ்பிறீகளிலும் வயரில்லாத இயர்பட்ஸ்களிலும் கணிசமானவற்றுக்கு உண்மையில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. ஒலி வெளியே வரும் சிறிய வலையின் மேல் காதுக் குறும்பியும் தூசியும் கலந்து இறுகியிருக்கும். அதை முறையாக அகற்றியதும் ஒலி பழையபடி வந்துவிடும். வேறு சில உண்மையிலேயே பழுதாகியிருக்கும். ஆனால் அவை பாவித்துப் பழுதானவை அல்ல. ஊசியாலும் தண்ணீராலும் சைக்கிள் கடைக் காற்றாலும் துப்புரவு செய்யப் போய்ப் பழுதாக்கப்பட்டவை. தொழில் பழகத் தொடங்கிய காலத்தில் நானும் இதே தவறைச் செய்தேன். அக்காவின் ஹான்ஸ்பிறீ வலையைக் குண்டூசியால் குத்தியபோது வலை கிழிந்து, அடைத்திருந்த குறும்பி முழுவதும் உள்ளே விழுந்தது. அவர் மாதக்கணக்கில் பணம் சேர்த்து வாங்கிய பொருள் அது. அன்று பட்ட வருத்தம் இன்றும் போகவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படிக்கும் அடிப்படை ஒன்றுதான்: அழுக்கு வெளியே வர வேண்டும், உள்ளே போகக்கூடாது. குத்துதல், ஊதுதல், ஊற்றுதல் ஆகிய மூன்றும் அழுக்கை உள்ளே தள்ளுகின்ற செயல்கள் என்பதால் மூன்றையும் தவிர்க்க வேண்டும்.

அழுக்கு எப்படிச் சேர்கிறது

காதுக் குறும்பி அழுக்கு அல்ல. காதுக் குழாயின் வெளிப்புற மூன்றிலொரு பகுதியில் உள்ள சுரப்பிகள் அதைச் சுரக்கின்றன. அது தோலை வறண்டு போகாமல் காத்து, தூசியையும் கிருமிகளையும் பிடித்துக்கொண்டு, நாம் மெல்லும்போதும் பேசும்போதும் ஏற்படும் தாடை அசைவின் துணையுடன் தானாகவே வெளிப்பக்கம் நகர்ந்து உதிர்ந்துவிடும். காதுக்குள் அடைப்பான் போல வைக்கப்படும் இயர்போன் இந்த வழியை மறிக்கிறது. வெளியே வர வேண்டிய குறும்பி அதன் வலையில் ஒட்டிக்கொள்கிறது. உடற்சூட்டிலும் வியர்வையிலும் இளகி வலையின் கண்களுக்குள் ஊறுகிறது. கழற்றி வைத்ததும் ஆறி இறுகுகிறது. நாளுக்கு நாள் இப்படி ஒரு படலத்தின் மேல் இன்னொரு படலம் படிவதால், சத்தம் ஒரே நாளில் குறையாமல் நமக்குத் தெரியாமலேயே குறைந்துகொண்டு போகிறது.

வன்னியில் இதனுடன் வேறு சிலவும் சேர்கின்றன. கோடையில் கிரவல் வீதிகளில் எழும் செம்புழுதி மாவைப் போல மெல்லியது. அறுவடைக் காலத்தில் வயலிலும் களத்திலும் நிற்பவர்களின் சட்டைப்பையில் கிடக்கும் இயர்போனுக்குள் நெற்சுணையும் உமித்தூளும் ஏறிவிடுகின்றன. சுணை காதுத் தோலில் அரிப்பையும் உண்டாக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உள்ளவர்களுக்கு உப்புக் காற்று இருக்கிறது. அது சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளை அரிக்கும். இரும்பு ஒட்டும் கடைகளிலும் லேத் பட்டறைகளிலும் வேலை செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒலியை உருவாக்கும் பகுதிக்குள் ஒரு சிறிய காந்தம் உள்ளது. அது இரும்புத் துகள்களைத் தன்னை நோக்கி இழுத்து வலையில் ஒட்ட வைக்கும், வலை கிழிந்திருந்தால் உள்ளேயே இழுத்துக்கொள்ளும். வேலை நேரத்தில் அதை மூடியுள்ள பெட்டிக்குள் வைப்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல வழி இல்லை.

முதலில் உண்மையில் என்ன குறை என்று பாருங்கள்

துப்புரவு செய்யத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் செலவழித்துச் சோதிப்பது பல வீண் வேலைகளைத் தவிர்க்கும். கைத்தொலைபேசியின் அமைப்புகளில், அணுகல் வசதிகள் என்ற பகுதிக்குள், இடது வலது ஒலிச் சமநிலையைக் கூட்டிக் குறைக்கும் ஒரு கோடு இருக்கிறது. பிள்ளைகள் போனைத் தட்டி விளையாடும்போது அது ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால், எவ்வளவு துடைத்தாலும் மற்றப் பக்கத்தில் சத்தம் வராது. அது நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்ததாக, ஒரே பாட்டை ஒரே அளவில் ஓடவிட்டு, இடது பக்கத்து இயர்போனை வலது காதிலும் வலது பக்கத்து இயர்போனை இடது காதிலும் மாற்றி வையுங்கள். மாற்றிய பிறகு குறைவு மற்றக் காதுக்குப் போனால் குறை இயர்போனில் உள்ளது. மாற்றிய பிறகும் அதே காதிலேயே குறைவாகக் கேட்டால் குறை காதில் உள்ளது. அதற்குக் கடைக்கு அல்ல, வைத்தியரிடம் போக வேண்டும். இந்தச் சோதனையால் தமது காதில் குறும்பி அடைத்திருப்பதை அறிந்துகொண்ட பலரை நான் பார்த்திருக்கிறேன்.

தேவையான பொருட்கள்

மென்மையான நார்களுள்ள புதிய பல் தூரிகை ஒன்று. குழந்தைகளுக்கான தூரிகை மிகவும் ஏற்றது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் நுண்நார்த் துணி ஒன்று. கொட்டன் பட்ஸ் சில. பல் குத்தும் மரக்குச்சி ஒன்று. 70% ஐசோபுரோப்பைல் அற்ககோல் சிறிய போத்தல் ஒன்று. இதைப் பாமசிகளில் கேட்டு வாங்கலாம். சில துளிகள்தான் செலவாகும் என்பதால் ஒரு போத்தலை நீண்ட காலம் பாவிக்கலாம். அதை அடுப்படியிலிருந்தும் விளக்கிலிருந்தும் தள்ளி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அது எளிதில் தீப்பற்றும்.

அற்ககோல் இல்லையென்று கை கழுவும் சனிற்றைசரைப் பூசுகிறார்கள். அதில் கிளிசரின் போன்ற பொருட்கள் இருப்பதால் காய்ந்த பின் பிசுபிசுப்பு எஞ்சி, தூசியை இன்னும் விரைவாகப் பிடிக்கும். மண்ணெண்ணெய், பெற்றோல், தின்னர், நகச்சாயம் நீக்கும் திரவம் ஆகியவை பிளாஸ்ரிக்கையும் பசையையும் கரைத்துவிடும். எக்காரணம் கொண்டும் பாவிக்கக்கூடாது.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பகுதியின் பல கிணறுகளில் நீர் கனமானது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணப் படிவு அதற்குச் சாட்சி. அந்த நீரின் ஒரு துளி வலையில் காய்ந்தாலும் அதே வெள்ளைப் படிவு வலையின் கண்களை அடைக்கும். ஆகவே இயர்போனின் முனையில் மாட்டும் சிலிக்கோன் இறப்பர்களைக் கழுவக் கிணற்று நீர் போதுமானாலும், இயர்போனின் உடலைத் துடைக்கத் துணியை நனைப்பதற்குச் சுத்திகரித்த குடிநீரையோ, மேலே சொன்ன அற்ககோலையோ பாவியுங்கள்.

துப்புரவு செய்யும் முறை

முதலாவதாக, கைகளைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். ஹான்ஸ்பிறீ என்றால் போனிலிருந்து கழற்றுங்கள். புளூரூத் இயர்பட்ஸ் என்றால் இணைப்பைத் துண்டித்து, சார்ஜ் ஏறாத நிலையில் வெளியே எடுங்கள். சன்னல் வெளிச்சத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு வெள்ளைத் துணியின் மேல் வேலை செய்யுங்கள். வெள்ளைத் துணியில் விழும் அழுக்கும், தவறி விழும் சிறிய உதிரியும் உடனே கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாவதாக, சிலிக்கோன் இறப்பர்களைக் கழற்றுங்கள். நுனியைப் பிடித்து இழுக்காமல், அடிப்பகுதியை இரு விரல்களால் பற்றி மெதுவாகத் திருகியபடி எடுத்தால் கிழியாது. இடது எது, வலது எது, எந்த அளவு என்பதைக் கவனித்து வையுங்கள். பலருக்கு இரண்டு காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கழற்றிய இறப்பர்களை இளஞ்சூட்டு நீரில் சில நிமிடங்கள் ஊறவிட்டு, விரலால் தேய்த்துக் கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு துளி மென்மையான சவர்க்காரம் போதும். ஆனால் சில தயாரிப்பாளர்கள் சவர்க்காரமே வேண்டாம் என்று சொல்வதால் பெட்டியுடன் வந்த கையேட்டை ஒருமுறை பாருங்கள். பின்னர் நல்ல நீரில் அலசி, துணியில் ஒற்றி, நிழலில் சில மணி நேரம் காயவிடுங்கள். இறப்பரின் உட்குழாயில் ஒரு துளி நீர் எஞ்சியிருந்தாலும், மாட்டும்போது அது நேராக வலைக்குள் போகும். அவசரப்படுபவர்கள் அதிகமாகத் தவறு விடுவது இந்த இடத்தில்தான்.

நுரைப்பஞ்சாலான முனைகள் இருந்தால் அவற்றை அற்ககோலில் துடைக்கவும் கூடாது, நீரில் பிழியவும் கூடாது. ஈரத்துணியால் மேலாக ஒற்றி எடுத்துக் காயவிடலாம். அழுத்திய பின் அவை பழைய வடிவுக்கு விரியாமல் போகும்போது மாற்றிவிட வேண்டும்.

மூன்றாவது படிதான் முழு வேலையின் உயிர். இயர்போனை வலை கீழே பார்க்கும்படி, தலைகீழாகப் பிடியுங்கள். அந்த நிலையிலேயே, காய்ந்த தூரிகையால் கீழிருந்து மேலாக அணுகி, வலையின் மேல் மிக மென்மையாக, ஒரே திசையில் தட்டி வாருங்கள். உதிர்வது துணியில் விழும். மேலே பார்த்தபடி தேய்த்தால் உதிரும் துகள் வலையின் கண்களுக்குள்ளேயே இறங்கும். ஒரு நிமிடம் தட்டியபின், பக்கவாட்டில் விரலால் இரண்டு மூன்று முறை சுண்டிவிட்டு, மீண்டும் தட்டுங்கள். பெரும்பாலான இயர்போன்களுக்கு இதுவே போதும்; ஈரம் எதுவும் தேவைப்படாது.

குறும்பி இறுகிப்போய் உதிரவில்லை என்றால் மட்டும் நான்காவது படிக்குப் போகலாம். தூரிகையின் நுனியில் ஒரு துளி அற்ககோலை விட்டு, அதைத் துணியில் ஒற்றி, ஈரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வலை கீழே பார்த்தபடியே இருக்க, அழுக்குள்ள இடத்தை மட்டும் மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுங்கள். அரை நிமிடம் பொறுத்து, குறும்பி இளகியபின், காய்ந்த துணியின் மூலையால் ஒற்றுங்கள். துடைக்காதீர்கள், ஒற்றுங்கள், துடைத்தால் இளகிய குறும்பி வலை முழுவதும் பரவும். தேவையானால் இதை இரண்டு மூன்று முறை செய்யலாம். ஈரத்தைக் கூட்டி ஒரே முறையில் முடிக்க நினைத்தால், வலையை ஒட்டியுள்ள பசை இளகி வலையே கழன்றுவிடும். வலையின் பின்னால் சில வகைகளில் ஒலியைச் சீர்ப்படுத்தும் ஒரு மெல்லிய துணியும் இருக்கிறது. அது நனைந்து குறும்பி ஊறினால் எவராலும் பழைய ஒலியை மீட்டுத் தர முடியாது.

இந்த இடத்தில் எதைச் செய்யக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குண்டூசி, சட்டைப்பின், சிம் எடுக்கும் கம்பி எதுவும் வலையைத் தொடக்கூடாது. வாயால் ஊதினால் எச்சிலின் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். சைக்கிள் கடையிலோ எரிபொருள் நிலையத்திலோ சில்லுக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் குழாயைப் பிடித்து ஊதுவதைப் பலர் கெட்டித்தனம் என்று நினைக்கிறார்கள். வலைக்குப் பின்னால் ஒலியை எழுப்பும் தகடு பொலித்தீன் தாளைப் போல மெல்லியது, அந்த அழுத்தத்தில் அது மடிந்துவிடும். தூசி உறிஞ்சும் இயந்திரமும் அதே தீங்கைச் செய்யும்.

ஐந்தாவதாக உடற்பகுதி. நுண்நார்த் துணியைச் சற்று ஈரமாக்கி முழுவதையும் துடையுங்கள். பக்கத்தில் தெரியும் ஊசிமுனை அளவு துளைகள் அழகுக்காக வைத்தவை அல்ல. சில காற்றழுத்தத்தைச் சமப்படுத்தும் துளைகள்; அடைபட்டால் ஒலியின் ஆழம் மாறும். சில ஒலிவாங்கிகள், அடைபட்டால் எதிர்முனையில் இருப்பவருக்கு நம் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போலக் கேட்கும். இவற்றின் மேல் காய்ந்த தூரிகை மட்டுமே படலாம். புளூரூத் இயர்பட்ஸின் உலோகப் புள்ளிகளை அற்ககோல் தொட்ட கொட்டன் பட்டால் துடையுங்கள். வியர்வை காய்ந்த உப்பு அந்தப் புள்ளிகளில் இருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் அரிப்பு வேகமாகும். பச்சை நிறம் தெரியத் தொடங்கினால் அது அந்த அரிப்பின் அடையாளம்.

சார்ஜ் பெட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இயர்பட்ஸை எவ்வளவு துடைத்தாலும் பெட்டிக்குள் கிடக்கும் குறும்பித் தூள் மறுபடியும் அதில் ஒட்டும். காய்ந்த கொட்டன் பட்டால் குழிகளைச் சுற்றித் துடைத்து, அடியிலுள்ள ஊசி போன்ற தொடுமுனைகளை அழுத்தாமல் தட்டிவிடுங்கள். சார்ஜ் வயர் செருகும் துளையில் சட்டைப்பைப் பஞ்சு அடைத்திருந்தால் மரக்குச்சியால் மெதுவாக வெளியே நெம்பி எடுக்கலாம். உலோகக் கம்பி வேண்டாம்.

ஹான்ஸ்பிறீ பாவிப்பவர்கள் வயரை ஈரத்துணியால் ஒருமுறை உருவி, 3.5 மி.மீ. செருகியை அற்ககோல் தொட்டுத் துடைத்தால், அசைக்கும்போது வரும் கரகரப்புப் பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் செருகியின் அடியில் வயர் உள்ளே அறுந்திருக்கும். போனைச் சுற்றி வயரை இறுக்கிச் சுற்றும் பழக்கமே அதற்குக் காரணம். மூன்று விரல் அகலத்துக்குத் தளர்வான வளையமாகச் சுற்றி வைத்தால் நெடுநாள் வரும்.

கடைசியாக, எல்லாவற்றையும் ஒரு மணி நேரமாவது திறந்த நிலையில் நிழலில் விட்டபின் இறப்பர்களை மாட்டி, முன்பு ஓடவிட்ட அதே பாட்டை, ஒலியைக் குறைத்து வைத்தபடி ஓடவிட்டுப் பாருங்கள். குறைத்து வையுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அடைப்பு இருந்த நாட்களில் நீங்கள் கூட்டி வைத்த அளவு அப்படியே இருக்கும்.

நீரில் விழுந்தால்

வாங்கும்போது வந்த பெட்டியில் ஐபிஎக்ஸ்4 (IPX4) என்று எழுதியிருந்தால் அது தெறிக்கும் நீரைத் தாங்கும் என்றுதான் பொருள். ஓடும் குழாயின் கீழ் பிடிக்கலாம் என்பதல்ல. ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். அதுவும் புதிதாக இருக்கும்போது, நன்னீரில். எக்ஸ் என்ற எழுத்து நிற்கும் இடம் தூசிக்கு உரியது; அங்கே எக்ஸ் இருந்தால் தூசிக்கான தரம் சொல்லப்படவில்லை என்று அறியுங்கள். புழுதியில் வேலை செய்பவர்கள் புதிதாக வாங்கும்போது அந்த இடத்தில் 5 அல்லது 6 என்ற எண் உள்ளதைத் தேடுவது நல்லது.

களிசான் பையோடு துவைத்துவிட்டாலோ, வாய்க்காலில் விழுந்துவிட்டாலோ, எடுத்தவுடன் உதறித் துடைத்து, வலை கீழே பார்க்க வையுங்கள். ஒலி வருகிறதா என்று சோதிக்காதீர்கள். சார்ஜ் ஏற்றவே ஏற்றாதீர்கள். கடல்நீரோ நந்திக்கடல் களப்பு நீரோ பட்டிருந்தால், நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பல முறை துடைத்து உப்பை எடுங்கள். அரிசி வாளிக்குள் புதைப்பது நமது பகுதியில் எல்லோரும் செய்வது. அரிசி ஈரத்தை இழுப்பது மிகக் குறைவு. அதன் தவிட்டுத் தூளும் மாவும் ஈரமான வலையில் பசையாக ஒட்டிவிடும். புதிய சப்பாத்து, பை, மருந்துப் போத்தல்களுடன் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, மூடியுள்ள ஒரு போத்தலில் அவற்றுடன் இரண்டு நாள் வைப்பது நன்று. வெயிலில் காய வைப்பதும், தலைமயிர் உலர்த்தியின் சூட்டைக் காட்டுவதும் பற்றரிக்கு ஆபத்து. சித்திரை வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் விட்டுச் செல்வதும் அதே ஆபத்துத்தான்.

காதுக்கும் கவனம் தேவை

மேலே சொன்ன கொட்டன் பட்ஸ் இயர்போனுக்கு உரியது, காதுக்கு அல்ல. கோழியிறகாலும் திறப்பாலும் காது குடைவது குறும்பியை இன்னும் ஆழத்துக்குத் தள்ளும். குளத்தில் முழுகியபின் அல்லது தலைக்கு நல்லெண்ணெய் வைத்துத் தோய்ந்தபின் காது நன்றாக உலரும்வரை இயர்போன் வைக்காதீர்கள். ஈரமும் சூடும் அடைப்பும் சேர்ந்தால் காதுக் குழாயில் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டில் ஒரே இயர்போனை அண்ணனும் தங்கையும் மாறி மாறி வகுப்புக்குப் பாவிப்பது தவிர்க்க முடியாதது என்றால், ஆளுக்கு ஒரு சோடி இறப்பர் வைத்துக்கொள்ளுங்கள். அது மிகக் குறைந்த செலவு. ஒருவருக்குக் காதில் சீழ் வடிந்தால் அவர் குணமாகும்வரை பகிரக்கூடாது.

2009 வரை இந்த மண்ணில் வெடிச்சத்தங்களுக்கு நடுவே வாழ்ந்தவர்கள் பலருக்குச் செவிப்பறை கிழிந்தோ கேட்கும் திறன் குறைந்தோ இருக்கிறது. எங்கள் அம்மாக்களும் மாமாக்களும் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுடன் வட்ஸ்அப்பில் பேசும்போது ஒலியை முழுவதும் கூட்டி வைப்பதைக் காண்கிறேன். அவர்களுடைய இயர்போனை வீட்டிலுள்ள இளையவர்கள் வாரந்தோறும் எடுத்துத் துப்புரவு செய்து கொடுக்க வேண்டும். அடைப்பை ஒலியைக் கூட்டி ஈடுசெய்வது எஞ்சியிருக்கும் கேட்கும் திறனையும் கெடுக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் பாதுகாப்பான எல்லை என்றும், அது 90 டெசிபலாக உயர்ந்தால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. செவிப்பறை கிழிந்தவர்களும் காதில் நீர் வடிபவர்களும் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் கேட்காமல் காதுக்குள் வைக்கும் வகையைப் பாவிக்காமல், காதின் மேல் அணியும் வகையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை

பாவித்து முடிந்ததும் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. வாரத்துக்கு ஒருமுறை இறப்பர் கழுவி வலையைத் தூரிகையால் தட்டுதல். மாதத்துக்கு ஒருமுறை பெட்டியும் செருகியும் உட்பட முழுத் துப்புரவு. சோளகக் காற்றில் புழுதி எழும் காலத்திலும் காலபோக, சிறுபோக அறுவடை நாட்களிலும் வலையை இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டுவது நல்லது. கிழிந்த, கடினமாகிய, மஞ்சளாகிய இறப்பரைக் கழுவிப் பயனில்லை, மாற்றுங்கள்.

சார்ஜ் பெட்டியோ இயர்பட்ஸோ ஓரத்தில் விரிந்து பிளந்ததுபோல் தெரிந்தாலும், சார்ஜ் ஏறும்போது வழமையை விடக் கடுமையாகச் சுட்டாலும், உள்ளே பற்றரி ஊதியோ பழுதாகியோ இருக்கக்கூடும். அதற்குமேல் துப்புரவு செய்யவும் வேண்டாம், சார்ஜ் ஏற்றவும் வேண்டாம். அதை அழுத்தாமல், துளையிடாமல், எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி வைத்து, பழைய பற்றரிகளைச் சேகரிக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். வளவுக்குள் குப்பை கூட்டி எரிக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: லிதியம் பற்றரி உள்ள எந்தப் பொருளும் அந்த நெருப்பில் விழக்கூடாது, அது வெடித்துச் சிதறும்; குப்பை எரிக்கும் இடத்தைச் சுற்றிப் பிள்ளைகள்தான் நிற்பார்கள்.